முகூர்த்தத்துக்கு நான் வர்றேன், என் வயிறும் வருது

மகன்,

போன கிழமை நீ போன்ல பேசினப்ப "சரி"னு சொல்லிட்டு வச்சேன் இல்லையா, அத சம்மதம்னு எடுத்துக்காத. அடுப்புல சோறு பொங்கி வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு, அதுக்காகத்தான் வச்சேன். கஞ்சிய வடிச்சிட்டு வாசப்படியில உக்காந்து நீ சொன்னத திரும்ப நெனச்சுப் பாத்தேன். "அம்மா, மொனராகலைக்கு அவ்வளவு தூரம் வேன்ல வந்து கஷ்டப்படாதீங்க. வீட்டிலேயே இருங்க. தாலி கட்டுறத வீடியோவுல காட்டுறேன். தாலித் தட்ட அத்தை தொட்டுக் கும்பிடட்டும்." எவ்வளவு பதவிசா சொன்ன! கொழும்புல வேல பாக்கிற பிள்ளைனு அந்தப் பேச்சிலேயே தெரிஞ்சுச்சு. ஆனா நீ சொல்லாம விட்டது எனக்குத் தெரியாதா? பரிசத்து அன்னைக்கு நடந்த மாதிரி கல்யாணத்துலயும் நடந்துட்டா மானம் போயிரும்னு உனக்குப் பயம். அத நேரா சொல்லியிருந்தா நானும் நேரா பதில் சொல்லியிருப்பேன். போன்ல பேசினா நீ நடுவுல வெட்டிருவ. எழுதினா முழுசா கேட்டுத்தான் ஆகணும், அதான் எழுதுறேன்.

பதில முதல்லயே சொல்லிர்றேன், கடைசி வரைக்கும் படிக்காம விட்டாலும் உனக்கு விளங்கட்டும். நான் வர்றேன். பச்சைக் கரை போட்ட சேலையக் கட்டிக்கிட்டு வர்றேன். நம்ம தோட்டத்துல மாப்பிள்ளையப் பெத்தவ தாலித் தட்டத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் அது சபைக்குப் போகும். உன் அத்தை நல்லவதான். உன் அப்பாவுக்குத் தங்கச்சியா இல்லாம எனக்குக் கூடப்பொறந்தவளா இருந்திருக்கலாம்னு நான் நெனச்ச நாளும் உண்டு. ஆனா உன்னப் பெத்தது அவ இல்லடா. பெத்தவ உயிரோட இருக்கிறப்ப வேற ஒருத்தி தட்டத் தொட்டா, அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுனு சபையே கேக்கும். அப்ப நீ என்ன சொல்லுவ? அம்மாவுக்கு வயிறு சரியில்லனு சொல்லுவியா? அத நானே வந்து சொல்லிக்கிறேன்.

பரிசத்து அன்னைக்கு நடந்தத நீ எப்படி நினைவு வச்சிருக்கியோ தெரியல. எனக்கு ஒண்ணுவிடாம நினைவிருக்கு. அப்புத்தளையில ஏறினோம், எல்ல ஊரத் தாண்டி இறங்கினோம், நேரமாச்சு நேரமாச்சுனு நீ சொன்னதால வேன் எங்கயும் நிக்கல. குளிர்ல இருந்து கீழ வெயிலுக்கு வந்ததும் வயிறு பொருமிப் போச்சு. நானும் புதுச் சம்பந்தி வீடாச்சேனு அடக்கிக்கிட்டே உக்காந்திருந்தேன். பாயில எல்லாரும் சுத்தி உக்காந்திருக்க, தேங்காயும் வாழைப்பழமும் சேலையும் வச்ச தட்டு, கனம்னா அப்படிக் கனம், அதக் குனிஞ்சு தூக்கி நீட்டினேன். சத்தம் வந்துருச்சு. சும்மா இல்ல, சட்டி விழுந்த மாதிரி. மூலையில ஒருத்தி முந்தானைய வாயில வச்சுக்கிட்டா. அடுத்த நிமிசமே, காத்து மட்டும் இல்ல, பின்னாலயே மத்ததும் வருதுனு எனக்குத் தெரிஞ்சுருச்சு. தட்ட உன் அத்தை கையில திணிச்சிட்டு எழும்பி நடந்தேன். போறப்ப உன்னப் பாத்தேன். நீ தலையக் குனிஞ்சு போனப் பாத்துக்கிட்டிருந்த. போன்ல ஒண்ணும் இல்ல, விளக்குக்கூட எரியல. அதுதான்டா எனக்கு வலிச்சுச்சு. சிரிச்சவள நான் அன்னைக்கே மறந்துட்டேன்.

கொல்லைப் பக்கம் கக்கூஸ் எங்கனு தெரியாம முழிச்சிக்கிட்டு நின்னேன். அப்ப யாரு வந்தது தெரியுமா? உனக்கு வரப்போறவ. தலையில பூ, கழுத்துல மாலை, கையில தண்ணி வாளி. "அத்தை, இந்தப் பக்கம் வாங்க. கொண்டி சரியில்ல, நான் கதவப் பிடிச்சுக்கிறேன்"னு சொல்லிட்டு வெளியில நின்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "இன்னும் தண்ணி கொண்டு வரட்டுமா அத்தை?" அவ்வளவுதான். என்ன ஏதுனு ஒரு கேள்வி இல்ல. பட்டுச்சேலை ஓரம் நனைஞ்சு போச்சு அவளுக்கு. நீ இந்த விசயத்த அவ கிட்டயும் மூடி மறைச்சிருப்பனு எனக்குத் தெரியும். அவளுக்கு உனக்கு முந்தியே தெரியும், மகன். இந்தக் கடிதத்தையும் அவளுக்குக் காட்டு. ஒளிச்சு வைக்க இதுல ஒண்ணும் இல்ல. யாரு கேட்டாலும் படிச்சுக் காட்டு, எனக்கு வெக்கம் கிடையாது.

இந்த வயிறு எனக்கு ஏன் இப்படி ஆச்சுனு நீ ஒரு நாளும் கேட்டதில்ல. பொம்பளைங்க விசயம்னு நீ ஒதுங்கிட்ட, ஆம்பளப் பிள்ளை கிட்ட எப்படிச் சொல்றதுனு நானும் ஒதுங்கிட்டேன். இப்ப சொல்றேன், கேட்டுக்க. உன்னப் பெத்து, பச்ச உடம்பு காயுறதுக்கு முன்னால நான் மலைக்கு ஏறிட்டேன். தலையில கயித்தப் போட்டு முதுகுல கொழுந்துக் கூடைய இழுத்துக்கிட்டு ஏத்தமும் இறக்கமுமா நடந்த உடம்பு இது. வருசம் போகப் போக கர்ப்பப்பை கீழ இறங்கிருச்சு. நடந்தா இடிக்கும், குந்தினா வெளிய வரும். துணிய மடிச்சு வச்சுக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன். நான் மட்டும் இல்ல, நம்ம லயத்துலயே அப்படி நடக்கிறவங்க இருக்காங்க, யாரும் வாயத் திறக்கிறதில்ல. உன்னாலதான் வந்துச்சுனு சொல்றேன்னு நெனைக்காத. பிள்ளை பெத்ததால வந்ததவிட, பெத்தவள உக்கார விடாததால வந்ததுதான் ஜாஸ்தி. கடைசியில பதுளை ஆஸ்பத்திரியில அத எடுத்துட்டாங்க, தளர்ந்து போன இடத்தையும் சேத்துத் தச்சாங்க. நீ வந்து பாத்த, தோடம்பழம் வாங்கிக்கிட்டு வந்த, கட்டில் ஓரத்துல கூச்சப்பட்டுக்கிட்டு நின்ன. அதையும் மறக்கல.

அந்த வார்டுல ஒரு வேடிக்கை, கேளு. காலையில நர்ஸ் மிஸ் வருவா, சிங்களப் பொண்ணு, தமிழ உடைச்சு உடைச்சுப் பேசுவா. ஒவ்வொரு கட்டிலா வந்து, "அம்மா, காத்து போச்சா?"னு கேப்பா. வயித்துல கைய வச்ச பிறகு குடல் திரும்ப வேல செய்யுதானு அதுலதான் தெரியுமாம். போகலன்னா முகம் சுண்டிப் போகும் அவளுக்கு. எனக்கு ரெண்டு நாளா போகல. வயிறு பானை மாதிரி வீங்கிக் கிடக்கு, வலி மருந்துனால அப்படித்தான் கட்டிக்கும், எழும்பி நடங்கனு சொன்னாங்க. பக்கத்துக் கட்டில்ல இருந்த பசறைக்கார அம்மாவோட கையப் பிடிச்சுக்கிட்டு வராந்தாவுல நடந்தேன். நடக்கிறப்பயே போச்சு, நல்ல சத்தமா! அந்த அம்மா கை தட்டினா. மிஸ் ஓடி வந்து, "ஹரி, ஹரி, சரி அம்மா, இனி சாப்பிடலாம்"னு சிரிச்சா. வார்டே சந்தோசப்பட்டுச்சு. அதே சத்தம்தான் மகன், மொனராகலையில உன் மானத்த வாங்கினது. அங்க கை தட்டினாங்க, இங்க முந்தானைய வாயில வச்சாங்க. என் உடம்பு ரெண்டு இடத்துலயும் ஒரே வேலையத்தான் செஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. உன் அத்தை எல்லாத்தையும் தயாரா வச்சிருந்தா. பிள்ளை பெத்த வீடு மாதிரி வாசல்ல வேப்பிலை சொருகியிருந்தா. கர்ப்பப்பையில கை வச்சா அது பிள்ளைப்பேறு மாதிரிதான், பச்ச உடம்புதான்னு அவ கணக்கு. பிள்ளை பெத்தவளுக்குப் பாக்கிற பத்தியம் பூராவும் எனக்குப் பாத்தா. பூண்டு சுட்டுப் போட்ட சோறு, சுட்ட கருவாடு, மிளகுத் தண்ணி. கீரை குளிர்ச்சி, ஆகாது. பப்பாசிப் பழமா, வாயத் திறக்காதீங்க அண்ணி. தண்ணி குடிச்சா வயிறு தொந்தியாகிரும், நாக்க நனைச்சுக்கிட்டா போதும். அதுக்கு மேல அடிவயித்துல சேலைத் துணிய இறுக்கிச் சுத்திக் கட்டினா. மேல் லயத்துல இருந்து ஒரு கிழவி வேப்பிலையப் பாத்துட்டு உள்ள வந்து, "என்ன பிள்ளை?"னு கேட்டுச்சு. உன் அத்தை கொஞ்சமும் அசராம, "பிள்ளை இல்ல பெரியம்மா, பைய மட்டும் எடுத்தாச்சு"னு சொன்னா. கிழவியும் சரின்னு தலையாட்டிட்டு ஒரு பிடி பூண்ட வச்சிட்டுப் போச்சு. ஆஸ்பத்திரியில தண்ணி குடி, பழம் சாப்பிடுனு சொல்லித்தான் அனுப்பினாங்க. எனக்கு நினைவிருந்துச்சு. ஆனா அவ ஆசையா செய்யுறா, எத்தன பிள்ளைப்பேறு பாத்தவ, அவளுக்குத் தெரியாததானு விட்டுட்டேன்.

விட்டதுக்கு அனுபவிச்சேன். ஒரு கிழமையாகியும் வெளிக்குப் போகல. போகணும் போல இருக்கும், உக்காந்தா கல்லு மாதிரி நிக்கும். முக்குறதுக்குப் பயம், தையல் பிரிஞ்சுட்டா என்ன செய்யுறது? உன் அப்பா கக்கூஸ் வாசல்ல நின்னுக்கிட்டு, "என்னம்மா, ஏதாச்சும் ஆச்சா?"னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. "நீங்க அங்கிட்டுப் போங்க, ஆகும்"னு கத்தினேன். ஆகல. கடைசியில அழுதுக்கிட்டே ஆட்டோவுல ஏறினேன், பதுளை வரைக்கும் ஒவ்வொரு குழியிலயும் உயிர் போச்சு. அதே மிஸ்தான் இருந்தா. வயித்துக் கட்ட அவுத்துக்கிட்டே என்ன சாப்பிட்டனு கேட்டா, சொன்னேன். இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "பபா எங்க? பிள்ளை இல்ல, ஆனா பபா சாப்பாடு?"னு கேட்டாளே, எனக்கு அழுகையோட சிரிப்பு வந்துருச்சு. குழாய் வச்சு வயித்தக் கழுவி விட்டாங்க. பிறகு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா. தண்ணி நல்லா குடிக்கணும். கீரை, பழம் தள்ளக் கூடாது. உக்காருறப்ப காலுக்கு அடியில ஒரு பலகைய வச்சு முன்னால சாஞ்சு உக்காரணும், முக்கவே கூடாது. கடைசியா ஒண்ணு சொன்னா, "வந்தா போகணும் அம்மா. அடக்கக் கூடாது." அத நான் மந்திரம் மாதிரி பிடிச்சுக்கிட்டேன். உன் அப்பா அன்னைக்கே ஒரு பலகைய அறுத்து, இழைச்சு, கால் வச்சுக் குடுத்தாரு. கல்யாணம் கட்டின நாள்ல இருந்து அவர் எனக்குக் குடுத்ததுலயே உபயோகமான சாமான் அதுதான், அவர் முன்னாலயே சொல்லுவேன். உன் அத்தையையும் நான் ஒரு வார்த்தை திட்டல. அவளும் அழுதா. இப்ப பப்பாசிப் பழம் அவதான் வெட்டிக் கொண்டு வந்து தர்றா.

கட்டிக்கிட்டது சரியாச்சு, ஆனா வயிறு பழைய வயிறாத் திரும்பல. முந்தி ஒரு நேரம் காலம் இருந்துச்சு, இப்ப அதுக்கு நினைச்சதுதான் நேரம். வர்ற மாதிரி இருந்தா உடனே வரும். காத்த நிறுத்துற பிடி விட்டுப் போச்சு. கிளினிக்ல கேட்டேன். சில பேருக்கு இப்படி ஆகுறது உண்டு, வெக்கப்படாம வந்து சொன்னதே நல்லதுனு சொன்னாங்க. கீழ் வாசல இறுக்கி இறுக்கி விடுற பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. காலையில பெரட்டுல பேர் குடுக்க வரிசையில நிக்கிறப்ப நான் அதத்தான் செய்யுறேன், மகன். கங்காணி அந்தப் பக்கம் எங்கள எந்த மலைக்கு அனுப்புறதுனு கத்திக்கிட்டிருப்பான், நான் இந்தப் பக்கம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அவன் முகத்தையே பாத்துக்கிட்டு நிப்பேன். ரொம்ப கவனமா கேக்கிறேன்னு அவனுக்கு நெனப்பு. முந்திக்கு இப்ப எவ்வளவோ தேவல. முழுசாப் போகுமானு கேட்டா, தெரியல. போகாட்டியும் நான் இருப்பேன்.

அந்தக் கங்காணிதான் ஒரு நாள் எல்லார் முன்னாலயும் கேட்டான், "என்னக்கா, அடிக்கடி நிரைய விட்டுட்டு எங்க போறீங்க? மத்தவங்களும் வேல செய்யுறாங்கல்ல?" மலையில கக்கூஸ் கிடையாது, உனக்குத் தெரியும். பொம்பளைங்க அதுக்காகவே தண்ணி குடிக்காம நாள் பூரா கொழுந்து எடுப்பாங்க, நானும் அப்படி எடுத்தவதான். அன்னைக்கு எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிருச்சு. கூடைய இறக்கி வச்சேன். "தம்பி, கர்ப்பப்பைய எடுத்த பிறகு எனக்கு வெளிக்கு அடக்க முடியாது. வந்தா போகணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. இங்கயே இரு, எனக்கு இப்ப வருது, போயிட்டு வர்றேன்"னு அந்த மலைக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா அவன் மூஞ்சி செவந்து போய் நிக்கிறான். மறுபடி ஒரு நாளும் கேக்கல. ஆனா சாயங்காலம் பீலியில தண்ணி பிடிக்கப் போனப்ப, பின்னால நின்ன ஒருத்தி என் முதுகுப் பக்கமா, "அக்கா, எனக்கும் அப்படித்தான்"னு சொன்னா. எத்தனையோ வருசமா பக்கத்து நிரையில கொழுந்து எடுக்கிறவ! அவளுக்குப் பிறகு இன்னொருத்தி வந்தா. இப்ப நாங்க எல்லாரும் சேந்து போய் தொரை கிட்ட பேசி, கொழுந்து நிறுக்கிற இடத்துல தகரம் அடிச்சு ஒரு கக்கூஸ் வாங்கியிருக்கோம். ஒண்ணுதான். பத்தாது. இன்னும் கேப்போம்.

நான் இப்படி மலையில நின்னு கத்தினவ, சம்பந்தி வீட்டுல பயந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு, அதுக்குத்தான் எனக்கு என் மேலயே கோபம். யாருக்காக அடக்கினேன்? உனக்காக. உன் முகம் சுண்டக் கூடாதுனு. அடக்கினதாலதான் சத்தம் வந்துச்சு. ஆகையால இனி உனக்காகவும் அடக்க மாட்டேன்.

ஒரு விசயம் உன் கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல, சொல்லணும்னும் நெனைக்கல. நீ வீடியோ, கீடியோனு பேசினதால இப்ப சொல்றேன். உனக்கு அஞ்சு வயசு இருக்கும். பதுளையில திருவிழா பாத்துட்டு பஸ்ல வந்துக்கிட்டிருந்தோம். கண்டதையும் தின்னுட்டு உனக்கு வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. ஹாலிஎல தாண்டினதும் கால்சட்டையிலயே போயிட்ட. வாசம் கிளம்பிருச்சு, ஆளாளுக்கு மூக்கப் பிடிச்சாங்க. கொண்டக்டர் வந்து, "இறங்கு, இறங்கு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு இறங்கு. பஸ்ஸ நாசமாக்காத"னு கத்தினான். மழை வேற. நீ என் சேலைக்குள்ள முகத்தப் புதைச்சுக்கிட்டு, "அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க"னு அழுத. நான் எழும்பி நின்னேன். "பிள்ளைக்கு வயிறு சரியில்ல. பஸ்ஸ நிப்பாட்டுங்க. நாங்க போயிட்டு வருவோம். வந்து இதே சீட்ல உக்காருவோம். விட்டுட்டுப் போனீங்கன்னா ரோட்டுல படுப்பேன்." டிரைவர் நிப்பாட்டினாரு. உன்னத் தூக்கிக்கிட்டு இறங்கி, ரோட்டோரத்துல வழியுற தண்ணியில கழுவி, என் சேலைத் தலைப்பக் கிழிச்சு உனக்குச் சுத்தி, தூக்கிக்கிட்டு வந்து அதே சீட்ல உக்காந்தேன். பஸ் பூரா காத்துக்கிட்டு இருந்துச்சு. "பாக்கட்டும்டா. வயிறே இல்லாத ஆள் இருந்தா சிரிக்கட்டும்"னு உன் காதுல சொன்னேன். நீ என் மடியிலேயே தூங்கிட்ட. உன்ன நான் வீட்டுல விட்டுட்டு திருவிழாவுக்குப் போகல, நடு ரோட்டுல இறங்கி நடந்தும் வரல. அந்த பஸ்ஸையே நிக்க வச்சேன்.

நாளைக்கு உன் பொண்டாட்டியும் பிள்ளை பெறுவா. அவ உடம்புலயும் ஒண்ணு தளரும், ஒண்ணு மாறும். அப்ப போனப் பாக்காத. அவ கூட எழும்பி நட, வாளியில தண்ணி எடுத்துக் குடு, கொண்டி இல்லன்னா கதவப் பிடி. ஏதாச்சும் வித்தியாசமா இருந்தா, பொம்பளைங்க விசயம்னு ஒதுங்காம கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போ, நீயே வாயத் திறந்து கேளு. பத்தியம்னு யாராச்சும் வேப்பிலைய எடுத்துக்கிட்டு வந்தா முதல்ல ஒரு செம்பு தண்ணியக் குடிக்கக் குடு. நான் உனக்குச் சொல்ற புத்தி இவ்வளவுதான். மத்தத அவளே சொல்லுவா, கெட்டிக்காரி.

இப்ப கல்யாணத்துக்கு வருவோம். வேன்ல கதவுப் பக்கத்து சீட் எனக்கு. வெல்லவாயில ஒரு தடவ நிப்பாட்டணும்னு டிரைவர் கிட்ட சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான், சொன்னேன். "சரிங்கம்மா"னு சொன்னான், அதோட விசயம் முடிஞ்சுச்சு. முந்தின நாள் பயறு, கோவானு காத்துக் கட்டுற கறி எல்லாம் தள்ளி வச்சுக்கிறேன், என்னால ஆனத நான் செய்வேன். அதுக்கு மேலயும் முகூர்த்த நேரம் பாத்து எனக்கு வந்துச்சுன்னா, நான் எழும்பிப் போவேன். ஐயர் நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுனு கத்துவாரு. கத்தட்டும். யாராச்சும் தட்ட உன் அத்தை கிட்ட நீட்டினா, வேணாம்னு நீ சொல்லணும். வேற யாரும் இல்ல, நீ. தாலித் தட்ட நீயே கையில வாங்கி வச்சுக்கிட்டு, சபையப் பாத்து, "அம்மா போயிருக்காங்க, வந்துருவாங்க, இருங்க"னு சொல்லு. தலையக் குனியாம சொல்லு. நான் வந்து தொட்டுக் கும்பிட்ட பிறகு கட்டு.

நீ கொழும்புல இருந்து நேரா மண்டபத்துக்கு வந்திருப்ப, வாசல்ல எங்க வேன் வந்து நின்னதும் சம்பந்திக்காரங்களோட நீயும் மாலையத் தூக்கிக்கிட்டு ஓடி வராத. கக்கூஸ் எந்தப் பக்கம்னு எனக்கு முதல்ல காட்டு. மாலைய பிறகு போட்டுக்கலாம்.

உன்னப் பெத்தவ